கலுங்கிலிருந்து கலுங்குக்கு: ராமநாதபுரம் கடலோரத்தின் பழைய நீர்த்தடங்களைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

பரமக்குடிப் பாலத்தில் நின்று வைகையைப் பார்த்தால் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மணலும் நாணலும்தான் தெரியும். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலில் போய்ச் சேரமாட்டேன் என்று வைகை ஒதுங்கிக்கொண்டதாக ஒரு பழைய தனிப்பாடல் காரணம் சொல்கிறது. அழகான கற்பனை. நிஜக் காரணமும் அழகில் குறைந்ததில்லை. கடலுக்கு முன்னால் வரிசையாகக் கண்மாய்கள், அதாவது பாசன ஏரிகள், காத்திருக்கின்றன. வைகைத் தண்ணீர் கடைசியாக ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வருகிறது. அதுவும் பெருகி மிச்சம் இருந்தால்தான், ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் நீரிணையைத் தொடுகிறது.

ஆகவே இந்தப் பகுதியின் நீர் வரலாற்றைத் தேடுகிறவர் ஆற்றின் கரையோடு மட்டும் நடந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஒரு கண்மாயின் கலுங்கில், அதாவது நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடத்தில், வழிகிற தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்று கலுங்கிலிருந்து கலுங்குக்கு நடக்க வேண்டும். கீழே சொல்லப்போவது அந்த நடையின் முறை. உங்கள் ஊர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். மாவட்டம் முழுவதையும் எடுத்தால் ஒன்றும் முடியாது, நான் முயன்று பார்த்தவன்.

புறப்படுவதற்கு முன்

உங்கள் ஊர் எந்த ஆற்றுப் படுகையில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் வைகை. வடக்கே திருவாடானைப் பக்கம் பாம்பாறு, விருசுளி ஆறு, கோட்டக்கரை ஆறு. இவை பாக் நீரிணைப் பக்கம் போகின்றன. தெற்கே கமுதி வழியாக வரும் குண்டாறு மூக்கையூருக்கு அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. நடுநடுவே பெயரே இல்லாத ஓடைகள் பல. ஒரு படுகையின் தண்ணீரை இன்னொன்றுக்குத் திருப்பிய கால்வாய்களும் உண்டு. கமுதிப் பக்கம் குண்டாற்றிலிருந்து பிரிந்து முதுகுளத்தூர், களரிப் பக்கம் போகும் ரெகுநாத காவேரி, ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலத்தில் வெட்டியது. வறண்ட சீமையில் ஒரு கால்வாய்க்குக் காவேரி என்று பெயர் வைத்த மனசை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, காலத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1895-க்கு முன், 1895 முதல் 1959 வரை, 1959-க்குப் பின். 1895-இல் பெரியாறு அணை மூலம் மேற்கே ஓடிய தண்ணீர் வைகைப் பக்கம் திரும்பியது. இந்த யோசனை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி (அமைச்சர்) முத்திருளப்ப பிள்ளைக்கு இருந்தது. ஆனால் தண்ணீர் வந்தபோது அதில் பெரும் பயன் மதுரைப் பக்கத்து வயல்களுக்கு. 1959-இல் வைகை அணை வந்த பிறகு, ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்பதை மழையோடு சேர்த்து மதகுகளும் முடிவு செய்தன. இப்போது அணைத் தண்ணீர் ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்ற பங்கில் பிரிகிறது. பார்த்திபனூர் மதகு அணையிலிருந்து வலது, இடது பிரதான கால்வாய்கள் கிளம்புகின்றன. ஒரு பெரியவர் "அந்தக் காலத்துல" என்று பேச ஆரம்பித்தால், அது அணைக்கு முன்னா பின்னா என்று உடனே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் எழுதிய என் முதல் நோட்டு முழுவதும் வீணாய்ப் போனது.

முதல் படி: ஊர்ப்பெயர்கள்

உங்கள் ஊரைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லா ஊர்களின் பெயரையும் எழுதுங்கள். ஆள் இல்லாத குடியிருப்பு, பாழடைந்த ஊர், வயல்காட்டின் பெயர் உட்பட எல்லாம் வேண்டும். அப்புறம் பெயரின் வாலைப் பாருங்கள். குளம், ஏந்தல், தாங்கல், ஊருணி, மடை, வயல், கரை என்று வருகிறதா? ஏந்தலும் தாங்கலும் பெரும்பாலும் சிறிய நீர்நிலைகள், மழைத் தண்ணீரை ஏந்தித் தாங்குபவை. பெரிய கண்மாய் ஒன்றைச் சுற்றிப் பல ஏந்தல்கள் இருந்தால், பெரிய நீர்நிலைக்கு எட்டாத மேட்டு நிலத்துக்கும் பிற்பாடு விவசாயம் பரவியிருக்கலாம். மங்கலம் என்று முடியும் ஊர்களில் பிரமதேயமாக, அதாவது பிராமணர்களுக்குத் தானமாக, விடப்பட்டவை பல. அப்படிப்பட்ட ஊரில் கோயில் கல்வெட்டு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பட்டினம் என்றால் கடல் வணிகம்: தேவிபட்டினம், பெரியபட்டினம், சுந்தரபாண்டியன்பட்டினம்.

ராஜசிங்கமங்கலம் என்ற ஒரே பெயரில் பாண்டிய மன்னனும் இருக்கிறான், மங்கலமும் இருக்கிறது. அந்த ஊர்க் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று சொல்வார்கள். 48 மடைகளையும் ஒரே மூச்சில் தாண்ட நாரையாலும் முடியாதாம். கரையின் நீளத்தைச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. ராமர் வந்தார், தாகம் எடுத்தது, அம்பு விட்டார், ஊற்று வந்தது என்ற பெயர்க்காரணம் சேதுக்கரை வட்டாரத்தில் எல்லா ஊரிலும் கிடைக்கும். அவற்றை ஒதுக்காமல் தனிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தைத்தான் அந்தக் கதைகள் பெரும்பாலும் சுட்டுகின்றன.

இரண்டாம் படி: காகிதங்கள்

கிராம வரைபடம், அ-பதிவேடு (சர்வே எண்வாரியான நில விவரம்), புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுப் படம்) இவை மூன்றும் வேண்டும். வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கேளுங்கள். அ-பதிவேட்டுப் பக்கங்களை இணையத்திலேயே சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். அதில் கண்மாய், ஓடை, வாய்க்கால், ஊருணி என்று வகைப்படுத்திய புறம்போக்கு எண்களை மட்டும் தனியாக எடுத்து, கிராம வரைபடத்தில் நீல நிறம் தீட்டுங்கள். அந்த ஒரு மாலை வேலையில் ஊரின் நரம்பு மண்டலம் கண்முன்னே வந்துவிடும். இன்று வீடு கட்டியிருக்கும் இடத்தில் நீலக் கோடு போகும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் போடாதீர்கள். வரலாறு தேடப் போனவரை ஆக்கிரமிப்பு எடுக்க வந்தவர் என்று ஊர் நினைத்துவிட்டால் அதோடு வேலை நின்றுவிடும்.

இங்கே நம் சீமைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1803-இல் சேதுபதிச் சீமை ஜமீனாக மாறியது. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை அப்படியே நீடித்தது. மற்ற மாவட்டங்களின் ரயத்துவாரி ஊர்களுக்கு, அதாவது அரசே உழவரிடம் நேரடியாக வரி வாங்கிய ஊர்களுக்கு, 19ஆம் நூற்றாண்டில் நடந்தது போன்ற நில அளவையை இங்கே எதிர்பார்க்க முடியாது. பல ஊர்களுக்கு விவரமான அளவைப் பதிவு ஒழிப்புக்குப் பிறகு வந்ததுதான். அதனால் கிராம வரைபடத்தில் இல்லாத வாய்க்கால், அதற்கு முன்பும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இன்னொன்று: ராமநாதபுரம் மாவட்டம் உருவானது 1910-இல். அதற்கு முந்தைய அரசு ஆவணங்களை மதுரை என்ற தலைப்பில் தேட வேண்டும். 1985-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முன் அச்சான ராமநாதபுரம் கணக்குகளில் சிவகங்கையும் விருதுநகரும் சேர்ந்தே இருக்கும்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக முடிந்தால், கண்மாய் என்று தேடாமல் வழக்கு என்று தேடுங்கள். நிம்மதியாக நிறைந்து வழிந்த கண்மாயைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி வைப்பதில்லை. கலுங்கை உயர்த்திவிட்டார்கள், வரத்துக்காலை (தண்ணீர் வரும் வாய்க்காலை) மறித்துவிட்டார்கள், மடையைத் திறக்கவில்லை என்று சண்டை நடந்த இடத்தில்தான் எழுத்து இருக்கிறது. கலுங்கின் மேல் நட்ட கற்களுக்கு நடுவே பலகையும் மண்ணும் அடைத்தால் நீர்மட்டம் கொஞ்சம் ஏறும். மேலூர்க்காரன் நிலம் மூழ்கும், கீழூர்க்காரனுக்குத் தண்ணீர் குறையும். ஒரு முழ உயரத்துக்குத் தலைமுறை தலைமுறையாக வழக்காடியிருக்கிறார்கள். தீர்ப்பில் யார் ஜெயித்தார் என்பது நமக்கு முக்கியமில்லை. சாட்சி சொன்னவர்கள் எந்த வாய்க்காலை எந்தப் பெயரில் குறிப்பிட்டார்கள் என்பதைப் படியுங்கள்.

மூன்றாம் படி: மேலிருந்து பார்ப்பது

இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்களில் நம் கடலோரம் பெரும்பாலும் 58கே வரிசையில் வரும். ராமேசுவரம் பக்கமும் தொண்டியும் 58ஓ. நீர்நிலைகள், கரைகள், ஓடைகள் அதில் நன்றாகத் தெரியும். கூகுள் எர்த்தில் பழைய படங்களுக்குப் போகும் வசதியைப் பயன்படுத்தி ஒரே கண்மாயை மே மாதத்திலும் டிசம்பரிலும் பாருங்கள். லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் இருக்கின்றன. அதற்கும் முன்பு வேண்டுமென்றால், 1960-களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கொரோனா படங்களை அந்நாட்டு நிலவியல் துறையின் இணையதளத்தில் தேடலாம். சீமைக்கருவேலம் மூடுவதற்கு முன் உங்கள் ஊர் எப்படி இருந்தது என்று பார்க்கும்போது ஒரு விநாடி பேச்சு வராது.

கண்மாயைப் படத்தில் படிக்கும் வழி எளிது. நம் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே, தென்கிழக்கே சாய்கிறது. ஆகவே பிறை வடிவில் வளைந்த கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம் இருக்கும். தண்ணீர் நிற்கும் உள்வாய் மேற்கே, ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் வயல்கள், கரைக்குக் கீழே. கரையின் இரண்டு நுனிகளில் ஒன்றிலோ இரண்டிலுமோ கலுங்கு இருக்கும். அங்கிருந்து கிளம்பும் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த கண்மாய் வரும்.

செயற்கைக்கோள் உயரத் தரவை வைத்து ஓட்டத் திசையைக் கணினியில் போட்டுப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். மலைநாட்டில் அது சரி. பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே சரிவு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவின் பிழை அதைவிடப் பெரிது. போதாக்குறைக்கு கருவேலங்காட்டின் உச்சியையும் அது தரை என்று எண்ணிக்கொள்ளும். கணினி வரைந்த ஓடை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கூரை மேல் ஏறி ஓடியதைப் பார்த்த பிறகு நான் அதை மூடிவைத்துவிட்டேன்.

நான்காம் படி: யாரிடம் கேட்பது

ஊர்த் தலைவரிடம் முதலில் போவது மரியாதை. தகவல் கிடைக்கும் இடம் வேறு. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்ட நீர்பாய்ச்சி, ஆடு மேய்க்கிறவர், கண்மாய் மீன் குத்தகை எடுத்தவர் இவர்களைத் தேடுங்கள். ஊருணி பற்றித் தெரிய வேண்டுமென்றால் குடம் சுமந்த பெண்களைத் தவிர வேறு யாரிடமும் கேட்காதீர்கள். எந்த மாதத்தில் எந்த ஊருணி வற்றும், அப்புறம் எவ்வளவு தூரம் நடந்தார்கள், எந்தத் தண்ணீரில் பருப்பு வேகும் என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது.

"இந்தக் கண்மாயின் வரலாறு என்ன?" என்று கேட்டால் பாண்டியன் வெட்டினான் என்பார்கள், பேச்சு முடிந்துவிடும். சின்னதாகக் கேளுங்கள்.

"ஐயா, இந்தக் கம்மா பெருகினா தண்ணி எங்கிட்டுப் போகும்?"

"வடகலுங்கு தாண்டி அந்தப் பனங்காட்டு ஓரமாப் போகும் தம்பி. முன்ன ஏந்தலுக்குப் போச்சு. இப்ப ரோட்டுல போகுது."

அந்த ஒரு "முன்ன" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காரலாம். எது குடிமராமத்து வேலையாக (ஊரார் சேர்ந்து செய்யும் பராமரிப்பாக) நடந்தது, வீட்டுக்கு எத்தனை ஆள் போனார்கள், யார் வரவில்லை என்றால் என்ன செய்தார்கள், எந்த மடை எந்தக் கரைக்காரருக்கு, முதல் தண்ணீர் யாருக்கு, கடைமடை யாருக்கு? முதல் மடையும் கடைமடையும் எந்தச் சாதியாரின் நிலத்துக்குப் போயின என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சங்கடமான கேள்விதான். அதை விட்டுவிட்டு எழுதினால் நீர்ப்பங்கீட்டின் வரலாறு பொய்யாகிவிடும்.

ஐந்தாம் படி: கரையில் நடப்பது

இரண்டு முறை போக வேண்டும். வைகாசி, ஆனியில் கண்மாய் காய்ந்து கிடக்கும்போது கட்டுமானம் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டம் தெரியும். இந்த மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு சுமார் 827 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்க்கிறது. அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் இத்தனை கரையும்.

காய்ந்த கண்மாயின் உள்ளே, கரைக்குக் கொஞ்சம் தள்ளி இரண்டு கல்தூண்கள் நிற்பதையும் அவற்றைக் குறுக்குக் கல் இணைப்பதையும் பார்த்தால் நின்றுவிடுங்கள். அது குமிழி. தூண்களுக்குக் கீழே கல்தொட்டி, அதன் மேல் நீரோடித் துளை, அடைக்க ஒரு கல் அல்லது மரக்கட்டை. கட்டையைத் தூக்கினால் தண்ணீர் கரைக்கு அடியில் போகும் கல்வாய்க்கால் வழியே வயலுக்குப் போகும். அடியில் உள்ள சேறோடித் துளைகள் தண்ணீரோடு வண்டலையும் இழுத்துக்கொண்டு போகும். தூர் வாருவதும் வயலுக்கு உரம் போடுவதும் ஒரே வேலையாக நடந்தன. தூணின் நான்கு பக்கமும் தடவிப் பாருங்கள், எழுத்து இருக்கலாம். எண்ணெய் தேய்ப்பது, சுண்ணாம்பு பூசுவது, கம்பியால் சுரண்டுவது எதுவும் வேண்டாம். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பக்கவாட்டில் நின்று போட்டோ எடுத்தால் எழுத்து தானாக எழுந்து வரும். கிடைத்ததைத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

பறவைகளையும் ஆவணமாகப் படிக்கலாம். நீர்ப்பறவை கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பறக்க வைக்க மாதக்கணக்கில் தண்ணீர் நிற்க வேண்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால், மேலச்செல்வனூர் – கீழச்செல்வனூர் எல்லாமே பாசனக் கண்மாய்கள். அவற்றில் முதல் இரண்டும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. உள்வாயில் நாட்டுக்கருவேல மரங்கள் நிற்க, அதில் தலைமுறைகளாகப் பறவைகள் வந்திருந்தால் அந்தக் கண்மாய் அந்தத் தலைமுறைகளில் பெரும்பாலான வருடம் பெருகியிருக்கிறது என்று பொருள்.

தனியாகப் போகாதீர்கள். தண்ணீர் குறைந்த சேற்றுப் பள்ளத்தில் கால் வைக்காதீர்கள். கருவேல முள் செருப்பைத் தாண்டும். பாம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆறாம் படி: கல்லும் செம்பும்

பழைய கல்வெட்டுகளிலும் சேதுபதிகளின் செப்பேடுகளிலும் நமக்குத் தேவையான பகுதி பெரும்பாலும் நடுவில் இருக்கும். மன்னனின் பட்டங்களைத் தாண்டிப் போங்கள். தானம் கொடுத்த நிலத்துக்குப் பெருநான்கெல்லை சொல்லும் இடம் வரும். இந்தக் குளத்து நீர்நக்கலுக்கு மேற்கு, இந்தக் காலுக்கு வடக்கு என்று போகும். நீர்நக்கல் என்பது நிறைந்த தண்ணீர் நக்கிவிட்டுத் திரும்பும் ஓரம். இப்படி ஒரு சொல் இருந்ததற்காகவே அந்தக் காலத்து எழுத்தர்களுக்கு நான் ஒரு காப்பி வாங்கித் தருவேன். நான்கு எல்லையையும் கிராம வரைபடத்தில் பொருத்திப் பாருங்கள். இரண்டு பெயர் பொருந்தினால் போதும், மற்ற இரண்டும் எங்கே இருந்திருக்கும் என்ற எல்லை சுருங்கிவிடும்.

ஏழாம் படி: கடலோரம்

கடலை நெருங்க நெருங்க விதிகள் மாறும். நிலத்தடித் தண்ணீர் உவர். மணல்மேட்டில் மட்டும் மழைத் தண்ணீர் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காக மிதக்கும். அதனால்தான் கடற்கரை ஊர்கள் பல மணல்மேட்டில் உட்கார்ந்திருக்கின்றன, அகலமாக ஆழமில்லாமல் ஊற்றுத் தோண்டுகின்றன. ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலே வந்துவிடும். கடற்கரைக்கு இணையாகப் போகும் மணல் வரிசைகளைச் செயற்கைக்கோள் படத்தில் குறித்தால், கடல் ஒரு காலத்தில் எதுவரை இருந்தது என்ற கேள்வியும் கூடவே வரும்.

வைகை முகத்தில் அழகன்குளம் இருக்கிறது. 1980-களிலிருந்து அங்கே நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும் மதுச்சாடித் துண்டுகளும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் இடைக்காலச் சீனப் பீங்கான் கிடைத்தது. இப்போது அந்த இரண்டு ஊர்களையும் பார்க்கிறவருக்கு அவை துறைமுகமாக இருந்தன என்று நம்பக் கடினமாக இருக்கும். ஆற்று வண்டல், அலை கொண்டுவரும் மணல், மேலே கண்மாய்களில் நின்றுபோகும் வெள்ளம் மூன்றையும் சேர்த்து யோசியுங்கள். மழைக்குப் பிறகு வயலில் கிடக்கும் பானை ஓட்டைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அதற்கு மதிப்பு.

எட்டாம் படி: சங்கிலியைக் கோர்ப்பது

பெரிய தாளில் மேலிருந்து கீழாகக் கண்மாய்களை வட்டமாகப் போட்டு, கலுங்கிலிருந்து கோடு இழுங்கள். கண்ணால் பார்த்த ஓட்டத்துக்குக் கருப்பு, எழுத்தில் இருப்பதற்குச் சிவப்பு, ஒருவர் வாயால் சொன்னதற்குப் புள்ளிக்கோடு. மூன்றையும் ஒரே மையில் போட்டால் ஆறு மாதத்தில் எது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

திருவாடானைப் பக்கம் என் அம்மா ஊர்ச் சங்கிலியில் இரண்டு வட்டங்களுக்கு நடுவே ஒரு புள்ளிக்கோடு நெடுநாளாக நின்றது. ஆடு மேய்க்கும் ஒருவர் மட்டும் அங்கே தண்ணீர் ஓடியது என்றார். வரைபடத்தில் இல்லை, செயற்கைக்கோள் படத்திலும் இல்லை, தரையில் வயல்தான் இருந்தது. ஒருநாள் சைக்கிளில் போகும்போது சாலையில் ஒரு சின்னப் பாலம் தட்டுப்பட்டது. இரண்டு பக்கமும் ஓடையே இல்லை. சாலை போட்டவர் சும்மா பாலம் கட்டுவாரா? அன்றிலிருந்து சிறுபாலங்களையும் நோட்டில் சேர்த்துவிட்டேன்.

ரயில் பாதை இன்னும் நல்ல சாட்சி. ராமநாதபுரம் வழியாக மண்டபம் போகும் பாதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டது. தண்ணீர் அப்போது குறுக்கே வந்த இடங்களில்தான் பாலம் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு பாலத்திலும் எண் எழுதியிருக்கும். தண்டவாளத்தில் ஏற வேண்டாம், பக்கத்து வண்டிப்பாதையில் நடந்தபடியே எண்ணையும் பாலக் கண்களின் (தண்ணீர் போகும் திறப்புகளின்) எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளலாம். பரமக்குடியிலிருந்து கிழக்கே ஆரம்பியுங்கள்.